நூல் கட்டிய எழுத்துகள்

என் மகளுக்கு எழுத்து தெரியுமா, தெரியாதா?

ஏழு வயதுப் பிள்ளையைப் பெற்றவளுக்கு இதுகூடவா தெரியாது என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றுகிறது. காலையில் அவளுக்குத் தலை பின்னும்போதும், பள்ளி வேன் தேயிலைச் சரிவின் வளைவில் மறைந்த பிறகும், துணி அலசும்போதும் இந்தக் கேள்வியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். ஒரு நாள் தெரியும் என்று படுகிறது. மறுநாள் தெரியாது என்று படுகிறது. எது உண்மையானாலும் அதில் என் கை இருக்கிறது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நாங்கள் இருப்பது ரிங்லெட் ஊருக்கு மேலே மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றான லயன் வீட்டில். கணவர் வெளிக்காட்டுக் கங்காணி, கொழுந்து எடுக்கிறவர்களை மேற்பார்க்கிறவர். நான் ஐந்தாம் படிவத்தோடு பள்ளிப் படிப்பை முடித்து, பக்கத்து ஊரான தானா ராத்தாவில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தேன். இரண்டாவது பிள்ளை பிறந்ததும் நின்றுவிட்டேன். அவளுக்கு இப்போது எட்டு மாதம். மூத்தவள் இந்த ஆண்டுதான் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டில் சேர்ந்தாள்.

பள்ளி திறந்த சில வாரங்களில் டீச்சர் ஒரு பயிற்சித்தாள் கொடுத்தனுப்பினார். கட்டங்களுக்குள் எழுத்துகள் கலைந்து கிடக்கும். அவற்றை வரிசையாக்கி, இரண்டெழுத்து, மூன்றெழுத்துச் சொற்களைக் கண்டுபிடிக்க வேண்டும். பக்கத்தில் பொருள் எழுத வேண்டும். நான் பள்ளியில் படித்த காலத்தில் இதைப் போட்டி போட்டுக்கொண்டு செய்திருக்கிறேன். என் மகள் அரை மணி நேரம் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு எழுத்தை எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள், மறுபடி அழித்தாள். கடைசியில் தாளில் ஓட்டை விழுந்தது. ஓட்டையைப் பார்த்துத்தான் அழுதாள்.

பொருள் கேட்டால் மட்டும் உடனே சொல்லுவாள். பனி என்றால் என்ன என்று கேட்டேன். "துணி காயாது." குடை? "ரெண்டு பேரு போனா ஒரு ஆளு நனையிறது." வழி? "லாரி வந்தா நாம ஒதுங்கி நிக்கிறது." எடை என்றால் என்ன என்று கேட்டதற்கு, "அப்பா சத்தம் போடுறது" என்றாள். கொழுந்து நிறுக்கும்போது எடையைக் கத்திச் சொல்கிற கணவர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. டீச்சர் எதிர்பார்ப்பது இது இல்லையே என்ற கவலைதான் எனக்கு. வழி என்றால் பாதை, எடை என்றால் நிறை என்று சொல்லிக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைத்தேன். அப்போது விட்டிருக்கலாமோ என்று இப்போது நினைக்கிறேன். அது வேறு கதை.

தொழிற்சாலையில் கழித்துப்போட்ட தேயிலைப் பெட்டிகளைக் கணவரிடம் வாங்கிவரச் சொல்லி, அட்டையைச் சின்னச் சின்னதாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு எழுத்தை மார்க்கர் பேனாவால் எழுதினேன். கையில் எடுத்து வைத்து விளையாடினால் வந்துவிடும் என்று நினைத்தேன். வரவில்லை. மூன்று அட்டைகளைக் கலைத்து வைத்தால் அவற்றைத் தொடவே மாட்டாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பாள்.

ஒரு நாள் மத்தியானம் கணவருக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு கொழுந்து மூட்டைகளை எடை போடும் நிறுவைக்குப் போயிருந்தேன். இவருடைய ஆள்களில் வங்காளதேசத்துக்காரர்கள், நேப்பாளிகள், இந்தோனேசியர்கள், நம்மவர்கள் என்று எல்லாரும் உண்டு. ஒருவர் எழுத்தை மற்றவருக்குப் படிக்கத் தெரியாது. பெயர் எழுதிய அட்டையை மூட்டையில் கட்டினாலும் மழையில் கரைந்துவிடும். அதனால் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு நிறத் துணி. சிவப்பு ஒரு கூட்டம், மஞ்சள் ஒரு கூட்டம். துணியில் ஒரு முடிச்சு இருந்தால் அந்தக் கூட்டத்தின் முதல் மூட்டை, இரண்டு முடிச்சு இருந்தால் இரண்டாவது. லாரிப் பக்கம் மூட்டைகள் எப்படிக் கலைந்து கிடந்தாலும் யாரும் வாயைத் திறக்காமல் சரியாகப் பிரித்து, வரிசையாக அடுக்கிவிடுவார்கள். நான் பலமுறை பார்த்ததுதான். அன்றைக்குத்தான் அது எனக்கு வேறு மாதிரி தெரிந்தது.

வீட்டுக்கு வந்து தையல் நூலை எடுத்தேன். ஒரு சொல்லின் எழுத்துகளுக்கு ஒரே நிறம். முதல் எழுத்து அட்டையின் ஓரத்தில் ஒரு முடிச்சு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் மூன்று. மகளிடம், அப்பாவுடைய மூட்டை மாதிரி என்று சொன்னேன். அவ்வளவுதான். அடுத்த நிமிடம் நீல நூல் மூன்றையும் பொறுக்கி, முடிச்சு பார்த்து வரிசையாக வைத்துவிட்டு, "கதவு" என்றாள்.

அப்போது எனக்கு ஏற்பட்ட நிம்மதியை எப்படிச் சொல்வது. பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் பாலை அடிப்பிடிக்காமல் காய்ச்சினேன். ஒரு வாரத்தில் நூலை அறுத்துவிடலாம், அதற்குள் எழுத்து பழகிவிடும் என்று கணக்குப் போட்டேன். ஒரு வாரம் ஒரு மாதம் ஆனது. நாற்பது சொற்கள் ஆயின. அட்டைகள் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருந்தன. நூலை அறுத்துப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அறுத்த பிறகும் அவள் பழையபடி கையை மடியில் வைத்துக்கொண்டால் என்ன செய்வேன்?

இதற்கிடையில் வீட்டுப்பாடம் என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்கலாம். வீட்டில் அட்டையை வைத்து அடுக்கிவிட்டு, அதைப் பார்த்துத் தாளில் எழுதுவாள். வீட்டுப்பாடம் எல்லாமே சரியாக இருக்கும். வகுப்பில் எப்படிச் செய்தாள் என்று நான் கேட்கவில்லை. டீச்சரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாதவரைக்கும் நல்லது என்று இருந்துவிட்டேன்.

பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் டீச்சர் பிள்ளைகள் வீட்டில் பயிற்சி செய்யும் வீடியோ கேட்டார். மற்றவர்கள் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். நானும் எடுத்தேன். நூல் தெரியாத பக்கம் தொலைபேசியைச் சாய்த்து வைத்து எடுத்தேன். எடுப்பதற்கு முன்னால் அவள் முன் குனிந்து சொன்னேன்:

"பாப்பா, இந்த நூலப் பத்தி டீச்சர்கிட்ட சொல்ல வேணாம், சரியா? இது நம்ம வீட்டுக்குள்ள மட்டும்."

அவள் பெரிய மனுசி மாதிரித் தலையாட்டினாள்.

இரண்டு நிமிடத்தில் பத்துச் சொற்கள், பொருளோடு. குழுவில் கைதட்டும் படங்களாக வந்து விழுந்தன. பக்கத்து வீட்டு அக்கா கொழுந்து எடுக்கிறவர். பள்ளிக்கூடமே போகாதவர். என் தொலைபேசியை வாங்கி வீடியோவை நான்கு முறை பார்த்துவிட்டு, "இது லாயராத்தான் வரும் லா. வாயப் பாரு வாய" என்றார். நானும் சிரித்தேன். அன்றைக்கு அதை நம்பவும் செய்தேன் என்றுதான் நினைக்கிறேன். நானே கட்டிய நூலை நானே மறந்திருந்தேன்.

அடுத்த வாரம் டீச்சர் தொலைபேசியில் கூப்பிட்டார். தானா ராத்தாவில் பள்ளிகளுக்கிடையே சொல் விளையாட்டுப் போட்டி, முதலாம் ஆண்டிலிருந்து உங்கள் மகளை அனுப்பலாம் என்று இருக்கிறேன் என்றார். வேண்டாம் டீச்சர் என்று வாய் வரைக்கும் வந்தது. ஏன் வேண்டாம் என்று கேட்டால் என்ன சொல்வது? சரிங்க டீச்சர், ரொம்ப நன்றி டீச்சர் என்றேன். தொலைபேசியை வைத்ததும் பிஸ்கட் டின்னைத் திறந்தேன்.

போட்டிக்குப் பத்து நாள் இருந்தது. கத்தரிக்கோலை எடுத்து எல்லா நூலையும் அறுத்தேன். முதல் நாள் ஐந்து சொல்லில் ஒன்று கண்டுபிடித்தாள். இரண்டாம் நாள் ஒன்றுகூட இல்லை. வயிறு வலிக்கிறது என்று படுத்துக்கொண்டாள். எனக்குப் பயம் வந்து, பாதி அட்டைகளுக்கு மறுபடி நூல் கட்டினேன், இந்த முறை மெல்லிய நூல். மறுநாள் அது தப்பு என்று தோன்றி மறுபடி அறுத்தேன். பிள்ளையை எவ்வளவு குழப்பியிருப்பேன்! கணவரிடமும் சொல்லவில்லை. அவருக்கு அந்த டின்னில் இருப்பது வெறும் எழுத்து அட்டை என்றுதான் தெரியும்.

போட்டி நாளில் பள்ளி வேனில் நானும் கைப்பிள்ளையோடு போனேன். வளைவுகளில் மகள் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். மண்டபத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். மேடையில் ஒரு வெள்ளைப் பலகை, பக்கத்து மேசையில் காந்தம் வைத்த எழுத்துகள். எல்லாம் ஒரே பச்சை நிறம். அவளுடைய முறை வந்தபோது ஆறு எழுத்துகளைக் கலைத்து வைத்தார்கள்: டை, ம, ழி, வ, லை, கு. மூன்று நிமிடத்துக்குள் அவற்றிலிருந்து சொற்களைக் கண்டுபிடித்துப் பலகையில் அடுக்க வேண்டும்.

நான் உட்கார்ந்த இடத்திலேயே பார்த்துவிட்டேன். மலை, வலை, குடை, வடை, குழி, வழி. மடைகூட உண்டு. நெஞ்சுக்குள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. வாயைத் திறக்க முடியாது. அவள் 'ம'வை எடுத்தாள். அதைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். ஓரத்தை விரலால் தடவினாள். வைத்தாள். 'லை'யை எடுத்தாள். திருப்பினாள், தடவினாள், வைத்தாள். ஆறையும் அப்படியே செய்தாள். பின்னால் யாரோ லேசாகச் சிரித்தார்கள், பிள்ளை விளையாடுகிறது என்று நினைத்திருப்பார்கள். அவள் விரல் எதைத் தேடியது என்று அந்த மண்டபத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். அல்லது தெரியும் என்று நினைத்தேன். மணி அடித்தது. பலகை காலி.

அவள் அழவில்லை. இறங்கி வந்து, என் வரிசையின் ஓரத்தில் இருந்த டீச்சர் பக்கத்தில் நின்றாள். டீச்சர் மண்டியிட்டு, அவள் முடியை ஒதுக்கி, மெதுவாகக் கேட்டார்.

"என்னம்மா தேடுன?"

மகள் என்னைப் பார்த்தாள். முழுசாக ஒரு நொடி இருக்கும். பிறகு டீச்சரைப் பார்த்து, "ஒண்ணும் இல்ல டீச்சர்" என்றாள்.

அந்த ஒரு நொடியில் நான் சொல்லியிருக்கலாம். கைப்பிள்ளை சிணுங்கியது. அதைத் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தேன். அதுதான் நான் செய்தது.

திரும்பும் வழியில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி சானாய் சாப்பிட நிறுத்தினார்கள். டீச்சர் என் எதிரில் உட்கார்ந்து, யாருக்கும் கேட்காத குரலில் பேசினார். வகுப்பிலும் அவள் எழுத்துகளை அடுக்கத் திணறுகிறாள் என்றும், வீடியோவைப் பார்த்த பிறகு வகுப்பில் கூச்சமாக இருக்கும் என்று தான் நினைத்துக்கொண்டதாகவும் சொன்னார். சில பிள்ளைகளுக்குத் தலைக்குள்ளேயே எழுத்துகள் இடம் மாறித் தெரியுமாம், அது பிள்ளையின் குற்றம் இல்லையாம். குறைநீக்கல் வகுப்பில் சேர்க்கலாம் என்றார். வாரத்தில் சில பாடவேளை தனியாகக் கூட்டிப்போய்ச் சொல்லிக் கொடுப்பார்கள். பெற்றோர் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

"யோசிச்சிட்டு குடுங்கம்மா. அவசரம் இல்ல. ஆனா ரொம்ப தள்ளிப் போடாதீங்க" என்றார். தப்பாக ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அவர் நல்லவராக இருந்ததுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

அன்று மாலை கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டின்னைத் திறந்து காட்டினேன். சில அட்டைகளில் நூல் இருந்தது, சிலவற்றில் அறுத்த நுனி மட்டும் இருந்தது. அவர் ஒரு அட்டையை எடுத்து முடிச்சை நிமிண்டிப் பார்த்தார்.

"மூட்டைக்குத்தான் துணி கட்டுவோம். பிள்ளைக்கா கட்டுவாங்க?"

அட்டையைத் திரும்பப் போட்டு டின்னை மூடினார். மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, நீ நல்லதுக்குத்தான் செய்தாய், படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிடு, ஒரு வருசம் தனியாகப் படித்தால் என்ன குறைந்துவிடும் என்றார். சாயங்காலம் வந்து, நல்லா இருக்கிற பிள்ளையை எதுக்கு அங்கே அனுப்புவது, கொஞ்ச நாள் பார்ப்போம் என்றார். அவருக்கும் தெரியவில்லை. பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னால் அவர் இதைப் பெரிய விசயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

"எனக்கும்தான் எழுத்து தெரியாது. ஒரு நாளாவது ஒங்க வீட்டுக்காரர்கிட்ட அடுத்தவ மூட்டைய என் மூட்டைன்னு சொன்னேனா?"

ஆறுதலுக்குச் சொன்னார். நான் சிரிக்கப் பார்த்தேன். ஆனால் என் பயமே அதுதான். மகள் எழுத்தைப் படிக்காமலேயே எல்லாவற்றையும் சரியாக எடுத்து வைக்கக் கற்றுக்கொண்டுவிட்டாளோ? அதைக் கற்றுக் கொடுத்தவள் நானோ?

இதோடு நின்றிருந்தால்கூட ஒரு முடிவுக்கு வந்திருப்பேன். போட்டி முடிந்து நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ, மத்தியானம் பனி இறங்கத் தொடங்கியிருந்தது. கொடியில் இருந்த துணிகளை இருவரும் எடுத்துக்கொண்டிருந்தோம். நான் கிளிப்புகளைக் கழற்ற, அவள் கூடையில் வாங்கிப் போட்டாள். அவளாகவே கேட்டாள்.

"அம்மா, டீச்சர் கண்டுபுடிச்சிட்டாங்களா?"

எதை என்று கேட்டேன்.

"நூல. நான் சொல்லல." கையில் இருந்த கிளிப்பைத் திறந்து திறந்து மூடினாள். "அந்த எழுத்துல நூல் இருக்கான்னு எல்லாத்தையும் பாத்தேன். இருந்தா எல்லாருக்கும் தெரிஞ்சிடும்ல. ஒங்களத் திட்டுவாங்க."

துணியைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். அப்படியென்றால் மேடையில் அவள் தேடியது உதவியை இல்லையா? என்னைக் காட்டிக்கொடுக்கும் முடிச்சு ஏதாவது இருக்கிறதா என்றா தடவிப் பார்த்தாள்? அதைப் பார்த்து முடிப்பதற்குள் மூன்று நிமிடமும் போய்விட்டதா? அந்த ஆறு எழுத்திலும் என்ன சொல் இருந்தது என்று உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். தோளைக் குலுக்கினாள். தெரியும் என்றும் சொல்லவில்லை, தெரியாது என்றும் சொல்லவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். என்னைத் திட்டுவார்கள் என்பது அவள் மேடையிலேயே நினைத்ததா, அல்லது தோற்றதற்குப் பிறகு தனக்குள் செய்துகொண்ட கதையா என்று எனக்குத் தெரியாது. ஏழு வயதில் அவளுக்கே தெரியுமோ என்னவோ.

அதற்குப் பிறகு அவளைச் சோதிக்க என்னென்னவோ செய்து பார்த்தேன். நூல் இல்லாத அட்டைகளை மேசையில் போட்டேன். "வேணாம்மா" என்று எழுந்துவிட்டாள். சோப்புப் பெட்டியில் இருந்த பெயரைப் படிக்கச் சொன்னேன். பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்துவிட்டு என்னிடமே கொடுத்தாள். இப்போது எதைக் கொடுத்தாலும் திருப்பிப் பார்க்கிறாள். ஒரு நாள் மட்டும், தங்கைக்கு நான் சோறு ஊட்டிக்கொண்டிருக்கும்போது, அவளே பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நீங்க பொருள் சொல்லுங்க, நான் எந்தச் சொல்லுன்னு சொல்றேன்" என்றாள். துணி காயாது என்றேன். "பனி." லாரி வந்தால் ஒதுங்கி நிற்பது என்றேன். "வழி." கண்ணில் பழைய ஒளி வந்தது. என் பக்கத்தில் கிடந்த நான்கு அட்டைகளை மெல்ல அவள் முன் நகர்த்தினேன். ப, ழி, வ, னி. அவள் அட்டைகளைப் பார்க்கவில்லை. என் கையைத்தான் பார்த்தாள். பிறகு தங்கையின் வாயைத் துடைத்துவிட்டு எழுந்து போனாள். நான் ஏன் நகர்த்தினேன்? இன்னும் இரண்டு சொல் விளையாடியிருக்கலாம்.

படிவம் பிஸ்கட் டின்னுக்கு அடியில் இருக்கிறது. இந்த வார முடிவுக்குள் கொடுக்க வேண்டும். நேற்று டீச்சர் மறுபடி கேட்டனுப்பினார். கையெழுத்துப் போட்டால், என் நூலால் வந்த குழப்பத்துக்கு என் பிள்ளை வகுப்பை விட்டு எழுந்து போக வேண்டியிருக்கலாம். போடாவிட்டால், உண்மையிலேயே உதவி தேவைப்படும் பிள்ளைக்கு அது கிடைக்காமல் செய்கிறவளும் நானாகவே இருப்பேன். டீச்சரிடம் நூலைப் பற்றிச் சொல்லிவிட்டால் அவராவது சரியாகச் சோதித்துப் பார்ப்பார் என்று தெரிகிறது. ஆனால் என் மகள் அத்தனை பேர் முன்னால் நின்று காப்பாற்றிய ஒன்றை நானே போய்ச் சொன்னால், அவளுக்கு அது என்னவாகத் தெரியும்? சொல்லாமல் இருந்தால் அவள் இன்னும் எத்தனை நாள் அதைத் தூக்கிக்கொண்டிருப்பாள்?

இதைப் படிக்கிறவர்களில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக் கொடுக்கிறவர்கள் இருப்பீர்கள். பிள்ளையிடம் தப்பு செய்துவிட்டுப் பிறகு சரி செய்த தாய்மார்களும் இருப்பீர்கள். நான் முதலில் யாரிடம் பேச வேண்டும், டீச்சரிடமா, மகளிடமா? மகளிடம் என்றால், அவள் காப்பாற்றியது அம்மாவின் தப்பைத்தான் என்பதை, அவள் மனம் நோகாமல் எந்த வார்த்தையில் சொல்வது? சின்னச் சின்ன வார்த்தையாக இருந்தால் போதும். உங்களுக்குத் தெரிந்ததைத் தயவுசெய்து எழுதுங்கள்.